'இல்லை' என்ற விளக்கு

கடலுக்கு நாற்பதடி தள்ளி
பதினெட்டு அறைகள் வைத்திருக்கிறேன், மெய்ன் கரையில்.
வாசல் பலகையில் 'அறை காலி' எப்போதும் எரியும்.
அதற்குப் பக்கத்தில் சிவப்பில் 'இல்லை'.
அதற்கு மட்டும் தனி சுவிட்ச், சாவி மாட்டும் பலகைக்குக் கீழே.
ஜூலை முதல் வாரம் தட்டினால்
ஆகஸ்ட் கடைசியில்தான் அணைப்பேன்.
கூரை மாற்றியது, கொதிகலன் வாங்கியது,
மகனின் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டியது
எல்லாம் அந்த ஒரு சொல் சம்பாதித்தது.

இந்த வருடம் சுவிட்சின் மேல் தூசி.

பிப்ரவரியில் முதல் ஃபோன், கிஸ்லேன்.
கியூபெக்கில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.
இருபத்திரண்டு கோடையாகப் பதினோராம் அறை அவளுக்கு.
"முன்பணத்தை நீயே வைத்துக்கொள், லோர்னா.
உன்மேல் கோபமில்லை. தெரியும்தானே?"
தெரியும் என்றேன்.
தெரிந்து என்ன செய்ய.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.
போன செப்டம்பரில் மருமகன் யாசீனை
எல்லைச் சாவடியில் தனியே அழைத்துப் போனார்கள்.
கைப்பேசியைத் திறக்கச் சொல்லி
நான்கு வருடத்துக்கு முந்தைய நகைச்சுவை ஒன்றை
உரக்கப் படிக்கச் சொன்னார்களாம்.
யாரும் சிரிக்கவில்லை.
"எதற்கு வருகிறாய்?"
"கடலில் குளிக்க."
"செப்டம்பரிலா?"
மூன்று மணி நேரம்.
பின் இருக்கையில் அவன் மகள்
சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்,
சீருடையிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல்.
அதன் பிறகும் வந்தார்கள், மூன்று நாள் தங்கினார்கள்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஈரமான இருக்கை உறையைத் துவைத்துக் கொடுத்தது நான்தான்.
பழச்சாறு கொட்டிவிட்டது என்றார்கள்.

ஏப்ரலில் ஒன்பது பேர் வரவில்லை என்றார்கள்.
மே மாதம் எண்ணுவதை விட்டேன்.
ஒருவர் எழுதியிருந்தார்: உங்கள் நாட்டில்
இனி ஒரு காசு செலவழிக்கமாட்டேன்.
என் நாடாம்.
என் கையில் இருப்பது பதினெட்டுச் சாவி.

எங்கள் குடும்பமே அந்தப் பக்கத்தது.
பெல்தியே என்று வந்தோம் நூல் ஆலைக்கு.
கணக்கெழுதியவன் காதில் விழுந்தபடி பெல்கி ஆனோம்.
அன்று கேட்ட கேள்வி ஒன்றுதானாம்:
விரல் பத்தும் இருக்கிறதா?

என் தம்பி டுவெய்ன், நண்டுப் படகில் சவாரி விடுபவன்,
வேலி இறுகட்டும் என்று
முற்றத்தில் ஆளுயரக் கொடி நட்டவன்.
படகைக் கட்டிப் போட்டுவிட்டு
என் வரவேற்பறையில் காபி குடிக்கிறான், கடனுக்கு.
"இலையுதிர்வதற்குள் சரியாகிவிடும்" என்கிறான்.
ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்.
நாடு இரண்டுபட்டால்
கூத்து பார்க்கவும் ஆளில்லை, டுவெய்ன்.
அவன் கோப்பையை நிரப்புகிறேன்.
சண்டை போடவும் இந்த வருடம் கூட்டம் போதாது.

மால்டோவாவிலிருந்து கோடை வேலைக்கு வரவேண்டிய பெண்ணுக்கு
விசா மறுத்துவிட்டார்கள்.
வந்திருந்தால் அவளுக்கு உதற
ஒரு படுக்கை விரிப்பும் இருந்திராது.
ஒரு கதவடைப்பை இன்னொரு கதவடைப்பு சரிக்கட்டுகிறது,
கணக்குப் புத்தகத்தில் அழகாகவே இருக்கிறது.

நேற்று இரவு பதினொரு மணி.
உபயோகிக்காத விளக்கு உள்ளுக்குள் துருப்பிடிக்கும்
என்று எலக்ட்ரீஷியன் எப்போதோ சொன்ன ஞாபகம்.
தட்டினேன்.
இரண்டு முறை முனகிவிட்டு எரிந்தது,
முழுச் சிவப்பாக, பழைய ஜூலை மாதிரி.
வெளியே போய் நின்று பார்த்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது சாலையில் ஒரு வண்டி மெதுவானது.
கூரைமேல் மிதவைப் பலகை, குழந்தையின் சைக்கிள்.
இடது பக்கம் சிமிட்டிய விளக்கு
பலகையைப் படித்தது போல் நின்றது,
அணைந்தது.
கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன், செருப்பில்லாமல்.
எண் பலகை எந்த மாகாணமென்று
கண்ணுக்குப் பிடிபடவில்லை.