முழு அளவு

கணினியில் அது சிறியதாகத் தெரியவில்லை.
முந்நூற்றுப் பத்துச் சதுர அடி.
நாலு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு வீடு.
லிஃப்ட் வைத்தால் மாதம் முந்நூறு கூடுமென்று
கால்களை நம்பிவிட்டேன்.

திருப்பூரில், லைன் வீடுகளுக்குப் பின்னாலுள்ள காலி இடத்தில்
ஆடி ஞாயிறு ஒன்றில், பொழுதோட,
சுண்ணாம்புப் பொடியால் ஒரு வீட்டைத்
தரையில் முழு அளவில் போட்டேன்.
சுவருக்கு இரண்டு கோடு. வாசலுக்கு ஓர் இடைவெளி.
"உள்ளே வந்து பாருங்க."

செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு
வந்தார்கள்.

துளசிமணி நேராகப் படுக்கையறைக்குப் போய்
மண்ணில் படுத்துக்கொண்டாள்.
"நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கறனுங்க.
நீங்க அங்க நின்னு குக்கரை வைங்க."
வாயால் விசில் அடித்தேன்.
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.
காலால் ஒரு சுவரை அழித்து
குளியலறையைத் தூக்கி நடுவில் வைத்தேன்.
மறுபடி விசில்.
"ம்... இப்பப் பரவால்லீங்க."
இல்லாத சுவரில் அவளுக்கு என்ன குறைந்ததோ.

"டிரம்மு எங்கீங்க வெக்கறது?"
இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பால்கனியில் இரண்டடி பிடுங்கி
டிரம்முக்குக் கொடுத்தேன்.

ஒடிசாவிலிருந்து வந்த சுதாம்
கூடத்தைப் பாதத்தால் அளந்து
ஆறு பாய் என்றான்.
என் வரைபடத்தில் நாலு பேர்தான் இருந்தார்கள்,
அதிலும் ஒன்று குழந்தை.

மேற்கே வாசல், கிழக்கே ஜன்னல்:
நான் பெருமையோடு வைத்தது.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்டு
பல்லடத்துக் காற்றாடிகளைச் சுற்றிவிட்டு வந்த காற்று
வாசல் வழியே நுழைந்து
ஒரு சுவரை அள்ளி என் முகத்தில் போட்டது.
காற்றோட்டத்தில் குறையில்லை.

"வாடகைங்க?"
பவர் டேபிள் மயில்சாமி.
சொன்னேன். உதடு அசையக் கணக்குப் போட்டான்.
"ஆயிரத்து எண்ணூறு பனியன்.
பால்கனி வேண்டாம்னா எத்தன கொறையும்?"

அந்தக் கேள்வியை எந்தக் கல்லூரியிலும்
யாரும் எனக்கு வைத்ததில்லை.
இரவு முழுக்க உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்:
இருநூற்றுப் பத்து பனியன்.
ஈரத்துணி எங்கே காயும் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காலையில் மறுபடி போனேன்.
பாதி வீடு காற்றோடு போயிருந்தது.
மிச்சமிருந்த சமையலறையில்
சீட்டில் பனி பூத்து
யாருடைய எக்செல்லோ நின்றிருந்தது.

வண்டிக்கு இடம் போடவே இல்லை நான்.