நண்பகல் நிலா

குடும்பத்தோடு காண வேண்டிய சித்திரம் என்று
குதிரைவண்டியில் தட்டி கட்டி
சைதாப்பேட்டை முழுக்கச் சொல்லிப் போனார்களாம்.
ஒரு சிப்பாய்க் கலகம், ஏழு பாட்டு,
தலைப்பாகையைக் கிணற்றில் தொலைத்துவிட்டு
மூன்று ரீல் தேடும் ஒரு கோமாளி,
கலகத்தில் பிரிந்த அண்ணனும் தங்கையும்
கடைசியில் சேர்ந்துகொள்ள, சுபம்.
மதிலோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டவர்களைக்
காட்டவில்லை.
குடும்பப் படம் அல்லவா.

அப்பா அதில் சிப்பாய்.
அதாவது நாள்கூலி மூன்று ரூபாய்,
ஒரு பொட்டலம் எலுமிச்சஞ்சோறு,
மீசைக்கான பசை அவர்களுடையது.
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில்
சொல்லாமல் நின்ற நான்கு நாளுக்கு
முதலாளி பிடித்த பணம் தனிக்கணக்கு.

வேலூர்க் கோட்டை. சித்திரை. உச்சிவெயில்.
கதையிலோ ஆனி மாதத்து நடுஜாமம்.
காமிராவின் கண்ணில் சிவப்புக் கண்ணாடி செருகி
வானத்தைக் கறுப்பாக்கினார்கள்.
கருங்கல் சுட்டு வெறுங்காலில் துள்ளியவர்கள்
பதுங்கி வருவதாக ஆயிற்று.
இன்றைக்கும் பாருங்கள்,
அந்த நிலவொளியில் எல்லோர் கழுத்திலும்
வேர்வை மின்னும்.

'தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்,
ராஜா இல்லாத கோட்டை,
இப்ப வெள்ளைக்காரனும் இல்லையா'
என்று தலையில் அடித்துக்கொண்டாராம் டைரக்டர்.
மெட்ராஸிலிருந்து வந்த துரைகள் ஒன்பது பேர்,
அதில் இருவருக்கு வயிற்றுப்போக்கு.
ஆகவே சோற்றுக்குப் பிறகு
பொன்னுரங்கம் முகத்தில் பவுடர் அப்பி
தூரத்து மதில்மேல் ஏற்றினார்கள்.
கோட்டு அதேதான்.
தொப்பியை மட்டும் மாற்றினார்கள்.
தொப்பிக்காக வெடித்த கலகம்,
தொப்பியிலேயே வேலை முடிந்தது.

காலையில் சுடப்பட்டவர்
மத்தியானம் சுட்டார்.
படத்தில் இரண்டும் அடுத்தடுத்து:
துப்பாக்கி புகைகிறது, அப்பா.
அகழியில் ஒருவன் விழுகிறான், அப்பா.
நடுவே ஒரு வெட்டு.
ஒரு பொட்டலம் சோறு தின்று
கை கழுவும் நேரம் அதற்குள் இருக்கிறது.

அம்மா மூன்று தரம் போனாள் கொட்டகைக்கு.
மூன்று தரமும் முதல் வெடிச்சத்தத்தில்
மடியிலிருந்த தனகோட்டி அலற
வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள்.
பிறகு டி.வி. வந்த காலத்தில்
ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டார்கள்.
தெருவே எங்கள் வீட்டில்.
கலகம் தொடங்கவும் கரண்டு போனது.

போன வாரம் தனகோட்டி
செல்போனில் அதைத் தேடிப் பிடித்துவிட்டான்.
நிறுத்தினான், பெரிதாக்கினான்,
முறுக்கு மீசை, விறைத்த கழுத்து.
'இதோ அப்பா!'
அதற்குள் காட்பாடி அத்தைக்கும் அனுப்பியாயிற்று,
அத்தை அழுதும் ஆயிற்று.

அப்பா போனை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.
'அது பேர்ணாம்பட்டு தாவூத்து.
நானு தண்ணியில கீறேன் பாரு.'

தண்ணீரில் ஒரு முதுகு.
முகம் குப்புற.
எங்களுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா
கண்ணாடிகூடப் போடாமல் எட்டிப் பார்த்தாள்.
'அவருதான். எடது தோளு எறங்கியிருக்குது பாரு,
மூட்டை தூக்கின தோளு.'

நீதான் ஒரு தரமும் பார்க்கவில்லையே என்றேன்.

'பாக்காம இன்னா.
கதவு சந்துல நின்னுகினு பாத்தேன், மூணு வாட்டியும்.
எழுந்துருவாருன்னு பாத்தா
அதுக்குள்ள பாட்டு போட்டுட்டானுங்க.'

தனகோட்டி திரும்ப ஓடவிட்டான்.
புகை. வெட்டு. தண்ணீர்.
மொத்தம் நான்கு நொடி.
அவன் மறுபடி மறுபடி அதையே தேய்த்துக்கொண்டிருக்க,
நாற்காலியில் அப்பா
உதடு மூடி, கன்னம் உப்பி,
ஒவ்வொரு தடவையும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.