பொறி எண் பதினேழு

மழை என்று நினைத்துக் குடையை விரித்தான் ஒட்டியா.
வானம் வெளுத்துக் கிடந்தது.
சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு முழுக்கத்
தூறலின் ஓசை.
கையை நீட்டினேன்.
உள்ளங்கையில் விழுந்தவை பச்சைப் பொடிமணிகள்,
புழுக்களின் எச்சம்.
தலைக்கு மேலே
காட்டை மென்றுகொண்டிருந்தன
ஒரு நொடியும் நிறுத்தாமல்.

அது முதல் வருடம்.

ப்ஸா மரத்துக்கு அவசரம் தெரியாது.
மணிக்கட்டுப் பருமனாக இருநூறு ஆண்டு கேட்கும்.
வெட்டி ஆற்றில் போட்டால்
மிதக்காது, கல்லாக மூழ்கும்.
அப்பேர்ப்பட்டதைக்
கடுகளவு வாய்கள் மூன்று கோடையில் முடித்தன.
இலை தீர்ந்ததும் பட்டை.
பட்டையும் தீர்ந்ததும்
நூல் விட்டு இறங்கி
எங்கள் சட்டைக் காலரில் ஏறிப் பார்த்தன,
இதுவும் மரம்தானோ என்று.

உருண்டையாகக் கத்தரித்து
விலைச்சீட்டு தொங்கவிட்ட
அலங்காரச் செடிகளோடு கப்பலேறி வந்திருக்கலாம்
எனக் கருதப்படுகிறது, என்று முடிகிறது அறிக்கை.
எழுதியவள் நான்தான்.
கருதியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் பொறிகளை இறக்குவோம்.
பச்சை வாளி, புனல் மூடி,
நடுவில் ஒரு ரப்பர்த் துண்டு.
அதில் நம் மூக்குக்கு எட்டாத பெண்வாசம்.
இல்லாத மணப்பெண்ணைத் தேடி வந்த மாப்பிள்ளைகள்
அடியில் குவிந்திருப்பார்கள்,
வெள்ளைத் துணியில் பழுப்புக் கரை போட்ட
சிறகுகளோடு.
இருநூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்று நாற்பது.
எண்ணி எண்ணி என் விரல்நுனி
செதில்பொடியில் வெள்ளி பூசிக்கொண்டது.

பாக்டீரியா மருந்து தெளிக்க அனுமதி கேட்டோம்.
கோப்பு தலைநகருக்குப் போனது.
கையெழுத்தோடு திரும்பி வந்தபோது
தெளிப்பதற்கு
இலை இல்லை.

நாலாம் கோடை, பொறி எண் பதினேழு:
பூஜ்ஜியம்.
பதினெட்டு, பூஜ்ஜியம்.
ஒட்டியா ஜீப்பின் பானட்டில் தாளம் போட்டான்.
அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது,
எண்ணிக்கையை இறக்கிவிட்டீர்களே!
பந்தி தீர்ந்தால் விருந்தாளி எழுந்துவிடுவான், ஐயா,
என்று சொல்ல வாயெடுத்து
நன்றி என்றேன்.
பின்னால் ஆயிரக்கணக்கில் நின்றன
பாசி மட்டும் பச்சையான மரங்கள்.

குருத்தோலை ஞாயிறு என்று பெயர்.
எங்கள் ஊரில் ஓலை கிடையாது,
ப்ஸாக் கிளைதான் கையில் ஏந்துவோம்.
காடு போன பிறகு
எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ, எந்த மலை தாண்டியோ
கார் டிக்கிகளில் கிளை வந்து இறங்குகிறது.
ஒரு பூச்சி பயணம் போக இதைவிட என்ன வேண்டும்?
பாதிரி இலாரியோன் வாசலில் மேஜை போட்டுத் தந்தார்.
புனித நீருக்கு முன்னால்
என் உருப்பெருக்கிக் கண்ணாடி.
முணுமுணுத்தபடி வரிசை நகர்ந்தது.
சாமிக்கும் சுங்கச் சோதனையா, என்றார் ஒருவர்.

ட்ஸிஸானாவின் கிளையில்தான் பார்த்தேன்.
இரண்டு இலைகள், முகத்தோடு முகம்,
பட்டு நூலால் தைத்தபடி.
பிரித்தால் உள்ளே
குளிர்காலம் முழுக்கத் தூங்கிய ஒரு சிறு புழு,
கறுத்த தலையை லேசாக அசைத்தது.

எனக்கு வந்தது கோபம் அல்ல.
சொன்னால் வேலை போய்விடும், ஆனாலும்
அது சந்தோஷம்.
இது உயிரோடு இருக்கிறது என்றால்
எங்கோ இது தின்னும்படி
பச்சையாக ஒன்று இருக்கிறது.

எங்கே ஒடித்தது?
அவள் வாய் திறக்கவில்லை.
ஒடித்த இடத்தைக் காட்டினால் கூட்டமாக வந்துவிடுவீர்கள்.
புழுவைச் சாராயக் குப்பியில் போட்டேன்.
தேதி. இடம்: தேவாலய வாசல். எண்ணிக்கை: ஒன்று.
கிளையை எரிகிற வாளியில் போட வேண்டும் என்றேன்.
மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள்.
வெறுங்கையோடு அவள் மட்டும் நின்றாள்.

பழைய நீராலைக்குப் பின்னால், கடைசியில் சொன்னாள்,
பாறை இடுக்கில். மூன்று மரம்.

மூன்றா, என்றேன்,
பேனாவைத் தேடிக்கொண்டே.

மூன்றரை.
ஒன்று இப்போதுதான் முளைத்திருக்கிறது.