பதினான்காம் அறையை ஒதுக்கிக் கொடுத்தல்

திங்கட்கிழமைக்குள் வந்தாறுமூலை விடுதி
காலியாக வேண்டும் என்றது கடிதம்.
நூற்றிருபது கட்டில். நோயாளிகள் வருவார்கள்.
உப விடுதிப் பொறுப்பாளர் என்று
என் பெயருக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள்.
சாக்கு எத்தனை வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பங்குனியில்
ஒரு கிழமைதானே என்று போன பிள்ளைகள்.
அறைக்கொடியில் இன்னும் ஒரு பாவாடை,
ஜன்னல் பக்கம் மட்டும் வெளுத்து.
கோப்பையின் அடியில் தேயிலைச் சாயம்
பூஞ்சணம் பூத்துப் பஞ்சாகியிருந்தது.

நாலு பேரையும் போனில் வைத்துக்கொண்டே கட்டினேன்.

போகவந்தலாவையில் சிந்துஜாவுக்குச் சிக்னல்
மலையில் ஒரு கல்லில் ஏறினால்தான்.
“மெத்தைக்குக் கீழ ஒரு கொப்பி, மிஸ்.
வாசிக்காதீங்க.”
வாசிக்கவில்லை. எடுத்தபோது அதுவாக விரிந்தது.
கன்டீன் கடன், நானூற்றி எழுபது.

வெல்லாவெளிக் கோகிலமதி வரம்பில் நின்று பேசினாள்,
பின்னால் யானை வெடி.
“சோதினை வருமா மிஸ்? ஒன்லைன்லயா?”
அன்றைக்கு மட்டும் பதினேழு தடவை
தெரியாது என்று சொல்லியிருப்பேன்.

ஹசரலி மகியங்கனையில்.
என் சிங்களமும் அவள் தமிழும் தடுக்கி விழுந்து
குடைக்கும் செருப்புக்கும்
இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சொல் என்று
கண்டுபிடித்துச் சிரித்தோம்.
முகக்கவசத்துக்குள் சிரித்தால்
மூக்குக்கண்ணாடி புகைந்துவிடுகிறது.

ஸஹ்லா கடைசி. சம்மாந்துறை.
அவள் உம்மா ஒட்சிசனில் என்று தெரியும்.
கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.
சீனி டின், மா டின், கேத்தல்,
எல்லாம் கட்டியாச்சு மகள் என்றேன்.
கனநேரம் சத்தமில்லை. பிறகு,
“கேத்தல வெச்சிருங்க மிஸ்.
வாறவங்களுக்கு ராவைக்குச் சுடுதண்ணி வேணும்.
பிளக் கொஞ்சம் லூஸ்.
இடப்பக்கம் அமத்திப் புடிக்கணும்.”

கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்:
இடப்பக்கம் அமத்தவும்.
சிங்களத்தில் எழுத
காவலாளி ரத்தினசிங்கம் எழுத்துக் கூட்டித் தந்தார்.

இரவு குவாட்டர்ஸில்
ஊழியர் நலன் பற்றிய படிவம் வந்திருந்தது.
கடந்த இரு வாரத்தில் உங்கள் மனநிலை,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
மூன்று போட்டேன்.
அழித்து இரண்டு போட்டேன்.
அனுப்பாமலே படுத்துவிட்டேன்.

செவ்வாய் விடியவே முதல் அம்புலன்ஸ்.
எனக்கு இனி உள்ளே போக அனுமதியில்லை.
மாமரத்தடியில் நின்று பார்த்தேன்.
பதினான்காம் அறை ஜன்னல் கண்ணாடி
கீழ்ப்பாதி மங்கியிருந்தது.
ஆவியா, பழைய அழுக்கா,
அங்கிருந்து தெரியவில்லை.