ஆறு பத்து வண்டி

பலகையில் மூன்று நிமிடம் என்றிருந்தது.
பிறகு இரண்டு.
பிறகு ஒன்று.
பிறகு அந்த வரியையே காணோம்.
ஐந்தே முக்கால் வண்டி
வந்து போனதாகக் கணக்கு.

குரானபிராஹர் மேட்டில் நாலு பேர் நிற்கிறோம்,
வராமலே போன பஸ்ஸின்
காற்றுகூட மேலே படாமல்.
கார்க் நகரத்தில் இதற்கு மழை என்று பேரில்லை.
நனைக்கும், அவ்வளவுதான்.
கோட்டின் ஜிப்பைத் தாடைவரை
இழுத்துவிட்டிருக்கிறேன்.
குளிருக்கென்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கிளோடா
போனில் சொல்கிறாள்: பஸ் வரவில்லை.
ஆமாம், இன்றைக்கும்.
இன்றைக்கும் என்று மறுபடி மெதுவாகச் சொல்லும்போது
அவள் குரலே அவளை நம்பவில்லை.

மொஸிக்கு ஏழு மணிக்கு ஊசி.
சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் இயந்திரம்
நாலு மணி நேரம் அவருக்கென்று காத்திருக்கும்.
பிந்தினால் அந்த நாலில்தான் கழிப்பார்கள்.
"ரத்தத்தில் பத்து நிமிட அழுக்கு தங்கிவிடும்,
அது பஸ் கம்பெனியின் பங்கு" என்று சிரிக்கிறார்.
சமையற்கட்டு வேலைக்குப் போகும் வாண்டர்லெய்
பிரேசிலில் தன் ஊரைப் பற்றிச் சொல்கிறான்:
"எங்களிடம் கால அட்டவணையே கிடையாது,
அதனால் பஸ் ஒருநாளும் தாமதமானதில்லை."

கீழே இருட்டில் ஷாண்டன் கோபுரம்.
நாலு பக்கமும் கடிகாரம், நாலும் வேறு வேறு நேரம்.
நான்முகப் பொய்யன் என்று பேர் வைத்தாலும்
அந்தப் பொய்யன்மேல் ஊருக்குப் பிரியம்.
அவனை நம்பி யாரும்
நனைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லையே.

"டிரைவர்கள் இன்னும் போர்வைக்குள் கிடப்பார்கள்,"
என்கிறார் மொஸி.
தலையாட்டுகிறேன்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம்,
ஆறுதலும் சொல்கிறார்:
"கவலைப்படாதே பெண்ணே,
ஆறு பத்து கட்டாயம் வரும்."

ஆறு பத்து வராது.
வியாழக்கிழமையிலிருந்து என் காரில் கிளட்ச் இல்லை.
ஐந்தே முக்கால் வண்டியைப் பிடித்து
டிப்போவில் இறங்கி
ஆறு பத்தை எடுக்கவேண்டியவள் நான்தான்.
கன்ட்ரோலரை அழைத்தேன்.
மாற்று ஆள் இல்லை டிம்ப்னா, என்றார்,
எப்படியாவது வந்து சேர்.
ஐந்தே முக்காலின் டிரைவர்
எந்த நிறுத்தத்தில் எதற்காகக் காத்து நிற்கிறாரோ,
நான் கேட்கவில்லை.

பலகை மட்டும் உற்சாகமாக எண்ணுகிறது.
பதினெட்டு. பதினேழு.
நான் இங்கே நிற்க
நான் வந்துகொண்டிருக்கிறேன்.
பதினாறு.

ஜிப்பை இறக்கினேன்.
நீல டை. பித்தளையில் என் எண்.
"காத்திருக்காதீர்கள்," என்றேன், "அது வராது."
யாரும் திட்டவில்லை.
அதற்குத் தயாராக வைத்திருந்த பதில்
வாயிலேயே நின்றுவிட்டது.
கிளோடா பையைத் திறந்து சில்லறை எண்ணினாள்.
வாண்டர்லெய் ஓடிப்போய் டாக்சியை மறித்தான்.
பதினான்கு யூரோ, நாலாய் வகுத்தோம்.
மொஸி தன் பங்கோடு ஐம்பது சென்ட் கூட வைத்தார்,
ஏனென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது,
அறுபது வருடப் பழக்கம்,
"நன்றி, டிரைவர்" என்றார்.
டாக்சிக்காரர் திரும்பினார்.
மொஸி என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

ஆறு பத்து, ஆறு நாற்பத்தொன்றுக்கு
மேட்டில் வந்து நின்றது.
புதிதாக ஏழு பேர்.
கதவைத் திறந்தேன்.
முதலில் ஏறியவள் கேட்டாள்,
போர்வை ரொம்பக் கதகதப்பா என்று.