ஒன்பதாம் குற்றி

நெடுங்கேணி வன அலுவலகத்தின் பின்வளவில்
பதினொரு முதிரைக் குற்றிகள் கிடக்கின்றன.
சான்றுப் பொருள். தொடக்கூடாது.
ஒவ்வொன்றின் வெட்டுமுகத்திலும்
சிவப்புத் தீந்தையில் இலக்கம்.

மாதம் ஒருமுறை எண்ணி ஒப்பமிடுவது என் வேலை.
ஆறு வருடமாக எண்ணுகிறேன்.
தவணைக்கு மேல் தவணை.
லான்ட்மாஸ்டரில் ஏற்றிவந்த பெடியனுக்கு
இப்போது இரண்டு பிள்ளைகள்.
பதினொன்று பதினொன்றாகவே இருக்கிறது.

இந்தமுறை ஒன்பதைக் காணவில்லை.
குற்றி இருந்தது, இலக்கம்தான் இல்லை.
அந்த இடத்தில்
காய்ந்த தோசைக்கரை போல ஓரம் சுருண்டு
சாம்பல்பச்சையாய் ஒரு மரப்பாசி.

கணக்கெடுப்புக்கு வந்திருந்த பிரதாயினி
கைவில்லையை நீட்டினாள்.
"இது ஒண்டில்லை அக்கா, ரெண்டு பேர்.
பூஞ்சணம் வீடு கட்டும், பாசி சமைக்கும்."
"ஆர் ஆருக்கு வாடகை?"
"அதிலைதான் இன்னும் சண்டை."

அவளுடைய படிவத்தில்
முதிரைக்கு நேரே: அழியும் ஆபத்து.
இதற்கு நேரே: கவலை இல்லை.

இல்லைத்தான்.
பதுங்குகுழிச் சீமெந்து போதும் இதற்கு,
கிணற்றுக்கட்டு போதும்,
மிதிவெடி எல்லைக்கட்டையின் சிவப்புத் தலை போதும்,
மாசிப் பனி போதும்.
முதிரைக்கோ மண் வேண்டும், மாரி வேண்டும்,
அதன்பிறகு எண்பது வருடம்
யாரும் நிமிர்ந்து பார்க்காதிருக்க வேண்டும்.

மிதிவெடி கிடந்த காலத்தில்
அந்தக் காட்டு முதிரைகள் சுகமாகத்தான் நின்றன.
கட்டைகளைப் பிடுங்கி
"பாதுகாப்பானது" என்று பலகை நட்டார்கள்.
அடுத்த கிழமையே சங்கிலிவாள் சத்தம் கேட்டது.

நின்ற மரத்திலும் இது இருந்திருக்கும்.
மரம் விழுந்ததை
இதற்கு யாரும் சொல்லவில்லைப் போல.
இந்த வழக்கில் இன்னமும் உயிரோடிருப்பது,
எங்களையும் அந்தப் பெடியனையும் விட்டால்,
இது ஒன்றுதான்.

"சுரண்டிப்போட்டு இலக்கத்தைத் திருப்பி எழுது,
வியாழன் தவணை" என்றார் பொறுப்பதிகாரி.
கம்பித்தூரிகை கையில்.
நான் எங்கே தொடங்குவது என்று பார்த்தேன்,
பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.
தூரிகையைக் கீழே வைத்துவிட்டு
அடிமட்டம் எடுத்துவந்தேன்.

பதிவேட்டில்
'மாற்றம் ஏதும்' என்ற கட்டத்துக்குள் எழுதினேன்:
ஒன்பதாம் குற்றி, இருக்கிறது.
போன வருடத்திலிருந்து வளர்ச்சி, நான்கு மில்லிமீற்றர்.

முதிரையும் வருடத்துக்கு
அவ்வளவுதான் பருக்கும் என்று
பிரதாயினி சொன்னதை எழுதவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.