பொடி எழுத்து

முனீர்க்கா, மூன்றாம் மாடி, ஜனவரி.
குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிற மாலை.
குஞ்சன் ராவத் முதன்முதலாகச் சாப்பிட வருகிறாள்.

கோதுமை ஆகாது அவளுக்கு.
ரொட்டி ஆகாது, சேமியா ஆகாது,
கேக் வெட்டிய கத்தியால் நறுக்கிய ஆப்பிள்கூட ஆகாது.
ரொட்டியில் விடிந்து ரொட்டியில் அடைகிற இந்த டெல்லியில்
எப்படித்தான் சமாளிக்கிறாய் என்றேன்.
"கேட்டுக் கேட்டு."

நான் அரிசிக்காரன். மார்தட்டிக்கொண்டேன்.
என் அடுப்படியில் கோதுமைக்கு ரேஷன் கார்டே கிடையாது.
கேரட், பீன்ஸ், ஒரு கை சோளமணி,
கொழகொழப்புக்கு அரிசிமாவு கரைத்துவிட்டு
கடைசியில், ருசிக்கு,
வெள்ளித்தாள் பிரித்து ஒரு சூப் க்யூப்.
கரைந்தது, சத்தமே இல்லாமல்.

இரண்டு கிண்ணம் குடித்தாள்.
"உன் கையில் ஏதோ இருக்கிறது" என்றாள்.
இருந்தது.

இரவு ஒன்றரைக்கு ஃபோன்.
"என்ன போட்டாய்?"
கோபமில்லை. மளிகைக் கணக்குக் கேட்கிற குரல்.
குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
கேரட் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவே
நசுங்கிக் கிடந்த அட்டைப்பெட்டியை நீவி
டார்ச் அடித்தேன்:
உப்பு, சர்க்கரை, பனையெண்ணெய்,
பிறகு சரியாக மடிப்பின் மேலே
கோதுமை மாவு.
வரி முடிகிற இடத்தில் மால்ட் சாறு.
அது பார்லி. அதுவும் ஆகாது.

நான் எதற்குச் சம்பளம் வாங்குகிறேன் தெரியுமா?
மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாளுக்குத்
தமிழில் மெய்ப்புப் பார்க்க.
விட்டுப்போன ஒரு ப்-ஐப் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுவேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வோம்.
பூசணிக்காயாவது கரண்டியில் முட்டும்.
ஒரு வயலை அரைத்துச்
சுண்டுவிரல் நகமளவு கட்டியாக்கினால்
யார் கண்டுபிடிப்பது?
அவள் குடல் கண்டுபிடித்தது.
மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை, ஐ.என்.ஏ. மார்க்கெட்.
பெட்டி பெட்டியாக எடுத்து முதுகைத் திருப்பினேன்.
ஒன்றில் கோதுமை, நேர்மையாக, தடித்த எழுத்தில்.
ஒன்றில் சோளமாவுதான், ஆனால்
கோதுமை அரைக்கிற ஆலையிலேயே அரைத்ததாம்.
ஒரு பொடியில் 'அனுமதிக்கப்பட்ட கெட்டியாக்கி'.
யார் அனுமதித்தது, எதை?
ஒன்று மட்டும் 'குளூட்டன் இல்லை' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு
நாலு மடங்கு விலையில் நின்றது.
அது தீர்ந்து போய்விட்டது, காட்சிக்கு வைத்த காலிப் பெட்டி.
கடைக்காரர் பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார்:
"பயப்படாதீங்க சாப், சுத்த சைவம்."

வீட்டுக்கு வந்தேன்.
நம்ம சாமானாவது ஒழுங்கு என்று
ரசத்துக்குப் பெருங்காய டப்பாவை எடுத்தேன்.
கை சும்மா இருக்கவில்லை, திருப்பிவிட்டது.
கோதுமை மாவு, கருவேலம் பிசின்,
எல்லாருக்கும் கடைசியில், ஒண்டுக்குடித்தனம் வந்ததுபோல்,
பெருங்காயம்.

எத்தனை பேருக்கு ஊற்றியிருக்கிறேன்,
தைரியமாகக் குடியுங்கள், வெறும் பருப்புத் தண்ணிதான் என்று.

மறு ஞாயிறு.
வெங்காயம், முட்டைக்கோஸ் தண்டு, இஞ்சி, மிளகு.
புதுப் பாத்திரம். இரண்டு மணி நேரம்.
ஜன்னல் கண்ணாடி வியர்த்துவிட்டது.
கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே வந்து நின்றாள்.
பாத்திரத்தைப் பார்க்கவில்லை.
"கரண்டி?"

மரக்கரண்டி.
போன மாதம் ரவா உப்புமா கிண்டியது.

அடுப்பை அவளே அணைத்தாள்.
கூடையில் கின்னோ இருப்பதைப் பார்த்துவிட்டு
"அதைக் கொடு, தோலோடு" என்றாள்.
நகத்தால் கீறி உரித்துப் பாதியை எனக்கு நீட்டினாள்.
வாங்கித் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.
அப்போதுதான் சிரித்தாள்.
அந்த சூப்பை நான் செவ்வாய் வரை குடித்தேன்.